கப்டகாட்டின் மூத்த மாணவர்

2012 ஜூன். லண்டன் ஒலிம்பிக்ஸுக்குக் கென்ய அணியைத் தேர்ந்தெடுக்கும் போட்டி. ஆண்கள் 5,000 மீட்டர் ஓட்டத்தில் எலியுட் கிப்சோகே ஏழாவதாக வந்தார். அவருக்கு அப்போது 27 வயது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு அதே தூரத்தில் உலகச் சாம்பியன். ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் வெண்கலம், பெய்ஜிங்கில் வெள்ளி. 10,000 மீட்டரிலும் முயன்று பார்த்தாயிற்று. அங்கும் இடம் கிடைக்கவில்லை. ஒரு நாட்டுக்கு மூன்று பேருக்கு மேல் அனுமதி இல்லை. கென்யாவிலோ அந்த மூன்று இடத்துக்கு உலகத்தரத்தில் ஓடக்கூடிய இருபது பேராவது எப்போதும் காத்திருப்பார்கள்.

அன்றே ஓய்வை அறிவித்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பெரிய போட்டிகளில் பதக்கம் வென்ற, கொஞ்சம் துரதிர்ஷ்டம் பிடித்த ஒரு நல்ல ஓட்டக்காரர் என்று புள்ளிவிவரப் புத்தகங்களில் இரண்டு வரி கிடைத்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. அடுத்த ஆண்டு மாரத்தானுக்கு மாறினார். 2013 முதல் 2023 வரை ஓடிய 19 அதிகாரபூர்வ மாரத்தான்களில் 16-ல் முதலிடம். அதில் இரண்டு ஒலிம்பிக் தங்கம், இரண்டு உலக சாதனை.

கிப்சோகே என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 2019-ல் வியன்னாவில் மனிதர் ஒருவர் முதன்முதலாக இரண்டு மணி நேரத்துக்குள் மாரத்தான் தூரத்தை ஓடி முடித்த காட்சிதான். அது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த ஒரு காலைப்பொழுதைவிட வியப்பானது அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் இருபது ஆண்டுகள். ஒரே கோச், ஒரே முகாம், வாராவாரம் ஏறக்குறைய மாறாத ஒரே அட்டவணை. உலகமே கொண்டாடும் வீரர்கள் ஒரு தோல்வி வந்தால் பயிற்சியாளரை மாற்றுவார்கள், ஊரை மாற்றுவார்கள், நாட்டைக்கூட மாற்றுவார்கள். கிப்சோகே தூரத்தை மட்டும் மாற்றினார்.

பக்கத்து வீட்டு வெள்ளிப் பதக்கம்

கென்யாவின் மேற்கே, நாண்டி மலைப்பகுதியில் உள்ள கப்சிசிய்வா என்ற கிராமத்தில் 1984 நவம்பர் 5 அன்று பிறந்தார். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பாவைப் புகைப்படத்தில் பார்த்ததுதான். அம்மா சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியை. பிள்ளைகளைத் தனியாகவே வளர்த்தார். பள்ளிப்படிப்பு முடிந்த பிறகு எலியுட் அக்கம்பக்கத்து வீடுகளில் பால் வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் கப்சபெட் சந்தையில் விற்றார்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடியே போனார் என்பதும் உண்மைதான். கென்ய ஓட்டக்காரர் யாரைப் பற்றி எழுதினாலும் இந்த வரி வந்துவிடும். அந்த மலைநாட்டில் லட்சக்கணக்கான பிள்ளைகள் அப்படி ஓடியவர்கள்தான். அவர்கள் எல்லோரும் ஒலிம்பிக்ஸுக்குப் போய்விடவில்லை. கிப்சோகேவுக்குக் கிடைத்த வாய்ப்பு வேறு. அதே ஊர்ப்பக்கத்துக்காரர் பேட்ரிக் சாங். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் ஓட்டத்தில் வெள்ளி வென்றவர். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, ஓட்ட வாழ்க்கை முடிந்ததும் ஊர் திரும்பி, உள்ளூர் விளையாட்டுப் போட்டிகளை நடத்திக்கொண்டிருந்தார். சாங்குக்கு மழலையர் வகுப்பில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் கிப்சோகேவின் அம்மாதான் என்பது இந்தக் கதையின் அழகான முடிச்சு.

2001 வாக்கில், பதினாறு வயதுப் பையன் ஒருவன் சாங்கிடம் வந்து பயிற்சிக்கு ஒரு அட்டவணை கேட்டான். சாங் சொன்னார். இரண்டு வாரம் கழித்து அதே பையன் வந்தான்: சொன்னதை முடித்துவிட்டேன், அடுத்து என்ன? இப்படியே பல மாதங்கள். அவன் யார் வீட்டுப் பிள்ளை, பெயர் என்ன என்று சாங் விசாரித்ததுகூட பிறகுதான். தன் ஆசிரியையின் மகன் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

2003 மார்ச்சில் அந்தப் பையன் லொசானில் நடந்த உலக கிராஸ் கன்ட்ரி போட்டியில் ஜூனியர் பட்டத்தை வென்றான். ஆகஸ்ட் கடைசி நாளில் பாரிஸில் உலக சாம்பியன்ஷிப், 5,000 மீட்டர் இறுதி. களத்தில் இருவர்மீதுதான் எல்லோர் கண்ணும். ஒருவர் மொராக்கோவின் ஹிஷாம் எல் கெரூஜ். 1,500 மீட்டரில் அசைக்க முடியாதவர், சில நாள்களுக்கு முன்புதான் அந்தத் தங்கத்தை வாங்கியிருந்தார். இன்னொருவர் எத்தியோப்பியாவின் கெனெனிசா பெகேலே. அதே பாரிஸில் 10,000 மீட்டரை வென்றிருந்தார். கடைசிச் சுற்றில் எல் கெரூஜ் முன்னால் பாய்ந்தபோது எல்லாம் முடிந்தது போலத்தான் இருந்தது. நேர்ப்பாதையின் கடைசி மீட்டர்களில் பக்கவாட்டிலிருந்து ஒல்லியான ஓர் உருவம் வந்து மார்பை நீட்டியது. கிப்சோகே 12 நிமிடம் 52.79 விநாடி, எல் கெரூஜ் 12 நிமிடம் 52.83 விநாடி. இடைவெளி விநாடியில் நூற்றில் நான்கு பங்கு. வென்றவருக்கு வயது 18.

அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டு காலம் தங்கம் கைக்கு எட்டும் தூரத்திலேயே நின்றது. 2004 ஏதென்ஸில் எல் கெரூஜ் முதலிடம், பெகேலே இரண்டாமிடம், கிப்சோகே மூன்றாமிடம். 2007 ஒசாகா உலக சாம்பியன்ஷிப்பில் பெர்னார்ட் லகாட் முந்தினார். 2008 பெய்ஜிங்கில் பெகேலே ஐந்து விநாடிக்கு அருகான இடைவெளியில் ஓடிப்போய்விட்டார். 2009 உலக சாம்பியன்ஷிப்பில் ஐந்தாவது, 2011-ல் ஏழாவது. இடையில் 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு வந்து உகாண்டாவின் மோசஸ் கிப்சிரோவிடம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்று வெள்ளியோடு திரும்பினார். ஐயாயிரம் மீட்டரை வெல்ல கடைசி ஒரு சுற்றில் மின்னல் வேகம் வேண்டும். அவரிடம் அது குறையத் தொடங்கியிருந்தது. குறையாமல் இருந்தது, ஏறக்குறைய அதே வேகத்தை மணிக்கணக்கில் பிடித்து நிற்கும் திறன். டிராக் போட்டிகள் அதற்குப் பதக்கம் தருவதில்லை.

லண்டன் வாய்ப்பு பறிபோன மூன்றாம் மாதம், 2012 செப்டம்பரில், பிரான்ஸின் லீல் நகரில் முதன்முதலாக அரை மாரத்தான் ஓடினார். 59 நிமிடம் 25 விநாடி. 2013 ஏப்ரலில் ஹாம்பர்க்கில் முதல் முழு மாரத்தான்: 2 மணி 5 நிமிடம் 30 விநாடி, அந்தப் பாதையின் புதிய சாதனை. அதே ஆண்டு பெர்லினில் வில்சன் கிப்சாங் உலக சாதனை படைத்தபோது இரண்டாவதாக வந்தார். அதன் பிறகு 2020 அக்டோபர் வரை மாரத்தானில் அவரை யாராலும் வெல்ல முடியவில்லை. ராட்டர்டாம், சிகாகோ, லண்டன், பெர்லின், ரியோ என்று வரிசையாகப் பத்து வெற்றி.

இந்தப் பத்தின் கனம் மாரத்தானை அறிந்தவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும். உச்சத்தில் இருப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறைதான் இந்த ஓட்டத்தை முழு பலத்தோடு ஓட முடியும். நான்கைந்து மாதத் தயாரிப்பு. அன்று வயிறு கெட்டாலும் போச்சு, கெண்டைக்கால் தசை இழுத்தாலும் போச்சு, எதிர்க்காற்று அடித்தாலும் போச்சு. முப்பதாவது கிலோமீட்டர் தாண்டியதும் தசையில் சேர்த்துவைத்த கிளைகோஜன் தீரத் தொடங்கும். அங்கே எந்தப் பெரிய பெயருக்கும் கால் கட்டையாகிவிடலாம். அப்படிப்பட்ட ஓட்டத்தில் ஐந்து ஆண்டு ஒருமுறைகூடச் சறுக்காமல் இருப்பது வேகத்தைவிட அரிது.

கிணறும் துடைப்பமும்

எல்டோரெட் நகரிலிருந்து கொஞ்ச தூரத்தில், காட்டை ஒட்டி இருக்கிறது கப்டகாட். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர். நம் உதகமண்டலத்தைவிடச் சற்று உயரம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. உடம்பு அதை ஈடுகட்டச் சிவப்பணுக்களை அதிகம் உண்டாக்கிக்கொள்கிறது. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் உலகமெங்கிலுமிருந்து மலை தேடிப் போவது இதற்காகத்தான்.

அங்கே ஒரு முகாம். முன்னாள் டச்சு ஓட்டக்காரர் யோஸ் ஹெர்மென்ஸ் தொடங்கிய நிறுவனத்தின் ஆதரவில் இயங்குகிறது. பயிற்சிப் பொறுப்பு சாங்குடையது. எளிமையான அறைகள், கட்டில்கள். கிப்சோகே திங்கள்கிழமை அங்கே வந்தால் சனிக்கிழமைதான் எல்டோரெட்டில் இருக்கும் வீட்டுக்குப் போவார். மனைவி, மூன்று பிள்ளைகள் எல்லோரும் அங்கே. ஓட்டத்தில் கோடீஸ்வரரான பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. முகாமில் வீட்டு வேலைகளுக்கு ஒரு முறை உண்டு: கழிப்பறை கழுவுவது, கிணற்றில் தண்ணீர் இறைப்பது, தரை கூட்டுவது. உலக சாதனையாளருக்கும் முறை வரும்; அவரும் செய்வார். அங்கு போய்வந்த பத்திரிகையாளர்கள் தவறாமல் எழுதும் விஷயம் இது. பணிவின் அடையாளம் என்று படிப்பவர்கள் நெகிழ்வார்கள். எனக்கு இதில் படுவது வேறு. ஒரு குழுவில் யார் பெரியவர் என்ற கேள்வி எழாமல் இருந்தால்தான், காலை ஆறு மணிக்கு முப்பது பேர் சேர்ந்து ஓடும்போது ஒருவரை ஒருவர் தயங்காமல் விரட்ட முடியும். தெரியாத இளைஞன் ஒருவன் கிப்சோகேவின் தோளோடு ஓடி அவரைத் திணறடிக்கலாம். அப்படித் திணறடிக்க ஆள் இருப்பதுதான் கிப்சோகேவுக்கு லாபம்.

வாராந்தரக் கணக்கு இருநூறு கிலோமீட்டரைத் தாண்டும். செவ்வாய்க்கிழமை மண் டிராக்கில் வேகப்பயிற்சி. வியாழக்கிழமை லாங் ரன்: ஒரு வாரம் 30 கிலோமீட்டர், மறுவாரம் 40. மேடும் பள்ளமுமான செம்மண் பாதை. சனிக்கிழமை, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடும் ஃபார்ட்லெக். மற்ற நாள்களில் காலையும் மாலையும் நிதான ஓட்டம். சாப்பாட்டில் மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்யும் உகாலி, கீரை, பயறு, பால், தேநீர். பயிற்சியின்போது முழு பலத்தையும் காட்டக் கூடாது என்பது சாங்கின் பாடம். கொஞ்சம் மிச்சம் வைத்தே டிராக்கை விட்டு வெளியே வர வேண்டும். பெரிய காயம் ஏதுமில்லாமல் இத்தனை ஆண்டு அவர் ஓட முடிந்ததற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் கிடைக்காது.

இன்னொரு பழக்கமும் உண்டு. 2003 முதல் ஒவ்வொரு நாள் பயிற்சியையும் நோட்டுப்புத்தகத்தில் கைப்பட எழுதிவைக்கிறார். தூரம், நேரம், கால் எப்படி இருந்தது, என்ன ஷூ. ஆண்டுக்கு ஒரு நோட்டு. பெரிய போட்டிக்கு முன்பு பழைய நோட்டுகளைப் புரட்டிப் பார்ப்பார். சாங்கை இன்றும் அவர் அழைப்பது ஆசான் என்ற மரியாதையோடுதான். விளையாட்டைத் தாண்டி வாழ்க்கைக்கே வழிகாட்டி என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இந்த முகாமின் பலன் ஒருவரோடு நிற்கவில்லை. நியூயார்க் மாரத்தானை இருமுறை வென்ற ஜெஃப்ரி கம்வொரோர் இதே கூட்டத்தைச் சேர்ந்தவர். 1,500 மீட்டரில் 2016, 2021, 2024 என மூன்று ஒலிம்பிக் தங்கங்களை அடுத்தடுத்து வென்ற ஃபெய்த் கிப்யெகோனும் சாங்கின் மாணவி.

தனியாக ஓடிய 17 கிலோமீட்டர்

2015 பெர்லின் மாரத்தானில் நடந்ததை ஓட்டக்காரர்கள் இன்றும் பேசுவார்கள். புதிய மாதிரி ஷூ. ஓட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே இரண்டு ஷூக்களின் உள்தகடும் நழுவி வெளியே வந்து, கணுக்கால் பக்கம் காது போல ஆடிக்கொண்டிருந்தன. நின்று சரிசெய்தால் நேரம் போகும். நிற்காமலே ஓடினார். கால் கொப்புளமாகி ரத்தம் கசிந்தது. 2 மணி 4 நிமிடத்தில் வென்றார். மறு ஆண்டு லண்டனில் 2 மணி 3 நிமிடம் 5 விநாடி. அப்போதைய உலக சாதனைக்கு எட்டே விநாடி குறை. அதே ஆண்டு ஆகஸ்டில் மழையில் நனைந்த ரியோ நகரில் ஒலிம்பிக் தங்கம். நவம்பரில் டெல்லி அரை மாரத்தானுக்கு வந்து 59 நிமிடம் 44 விநாடியில் வென்றுவிட்டுப் போனார். 2010-ல் வெள்ளியோடு திரும்பிய நகரம்.

2018 செப்டம்பர் 16, மீண்டும் பெர்லின். இவருடைய வாழ்க்கையில் ஒரே ஒரு ஓட்டத்தைத் திரும்பப் பார்க்கலாம் என்றால் நான் வியன்னாவைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்; இதைத்தான் பார்ப்பேன். சாதனை முயற்சிகளில் முன்னால் ஓடிக் காற்றைத் தடுத்து வேகத்தைப் பிடித்துக்கொடுக்க பேஸர்கள் இருப்பார்கள். அன்று மூன்று பேர். முப்பது கிலோமீட்டர் வரையாவது ஒருவர் நிற்பார் என்பது திட்டம். பதினைந்து கிலோமீட்டர் கடந்ததும் இருவர் தாக்குப்பிடிக்க முடியாமல் விலகினார்கள். மூன்றாமவர் ஜோஸ்பட் போயிட் 25-ல் ஒதுங்கினார். மீதி 17 கிலோமீட்டர் சாலையில் கிப்சோகேவும் முன்னால் போன கடிகார வண்டியும் மட்டும்தான்.

பொதுவாக இந்த இடத்தில் வேகம் சரியும். அவருக்கு ஏறியது. முதல் பாதி 61 நிமிடம் 6 விநாடி. இரண்டாம் பாதி 60 நிமிடம் 33 விநாடி. தண்ணீர் பாட்டில் நீட்டும் தன்னார்வலர் ஒருவர், ஒவ்வொரு முறை கிப்சோகே சரியாகப் பாட்டிலைப் பிடித்ததும் தானே பந்தயம் ஜெயித்தவர் போலத் துள்ளிக் குதித்த வீடியோ பிறகு உலகமெல்லாம் பரவியது. பிராண்டன்பர்க் வாயிலைத் தாண்டி முடிவுக் கோட்டைத் தொட்டபோது நேரம் 2 மணி 1 நிமிடம் 39 விநாடி. டென்னிஸ் கிமெட்டோவின் நான்காண்டு சாதனை 78 விநாடியால் உடைந்தது. 1967-ல் ஆஸ்திரேலியாவின் டெரெக் கிளேட்டனுக்குப் பிறகு, ஒரே ஓட்டத்தில் இவ்வளவு பெரிய இடைவெளியில் மாரத்தான் சாதனையை யாரும் முறியடித்ததில்லை. இரண்டாவதாக வந்தவர் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பின்தங்கியிருந்தார்.

இந்த வேகத்தைக் கற்பனை செய்ய ஒரு வழி இருக்கிறது. பள்ளி மைதானத்தில் நூறு மீட்டரை 17.3 விநாடியில் ஓடிப் பாருங்கள். நன்றாக ஓடக்கூடிய இளைஞர்களால் முடியும். அதையே நிற்காமல் 422 முறை செய்தால் பெர்லின். இந்தியாவின் மாரத்தான் தேசிய சாதனையாக, ஷிவ்நாத் சிங் 1978-ல் ஜலந்தரில் ஓடிய 2 மணி 12 நிமிடம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்து நின்றது என்பதையும் சேர்த்து நினைத்தால் உயரம் புரியும்.

இரண்டு மணி நேரக் கனவுக்கான முதல் முயற்சி 2017 மே மாதம் இத்தாலியின் மோன்சா கார்ப் பந்தயத் தடத்தில் நடந்தது. ஷூ நிறுவனம் ஒன்றின் ஏற்பாடு. 2 மணி 25 விநாடியில் முடிந்தது. இரண்டரை ஆண்டு கழித்து, 2019 அக்டோபர் 12, வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் மரங்கள் அடர்ந்த நேர்ச்சாலை. பிரிட்டிஷ் கோடீஸ்வரர் ஜிம் ராட்கிளிஃபின் நிறுவனம் செலவை ஏற்றது. 41 பேஸர்கள் முறைவைத்து மாறி மாறி ஓடினார்கள். முன்னால் போன மின்சார வண்டி சாலையில் லேசர் கோடு பாய்ச்சியது. பேஸர்கள் அந்தக் கோட்டின்மேல் ஓட வேண்டும். ஐந்து பேர் முன்னே கவை போல விரிந்து, இருவர் பின்னே நின்று காற்றைத் திசைதிருப்பினார்கள். குடிக்கப் பானம் சைக்கிளில் வந்தது. அந்த 41 பேரில் ஒருவர் பெர்னார்ட் லகாட். ஒசாகாவில் கிப்சோகேவின் தங்கத்தைப் பறித்த அதே லகாட். கடைசி நேர்ப்பாதையில் பேஸர்கள் பின்வாங்கி வழிவிட, கிப்சோகே கூட்டத்தைக் கைகாட்டி அழைத்தபடி ஓடிவந்தார். 1 மணி 59 நிமிடம் 40.2 விநாடி.

அது உலக சாதனைப் பட்டியலில் இல்லை, இருக்கவும் முடியாது. வெளியிலிருந்து புதிய பேஸர்கள் நுழைந்து வெளியேறுவதும், போட்டியாளரே இல்லாத ஓட்டமும் விதிக்குப் பொருந்தாது. இதை அவரும் ஏற்பாட்டாளர்களும் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். 1991-ல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் மைக்கேல் ஜாய்னர், மனித உடலின் ஆக்சிஜன் கொள்ளளவையும் ஓட்டச் சிக்கனத்தையும் வைத்துக் கணக்கிட்டு, மாரத்தானின் சாத்தியமான எல்லை 1 மணி 57 நிமிடம் 58 விநாடி என்று எழுதியிருந்தார். அன்றைக்கு அது வெறும் ஏட்டுக் கணக்காகத் தெரிந்தது. வியன்னாவுக்குப் பிறகு அந்த எண் எட்டக்கூடிய தூரத்துக்கு வந்துவிட்டது.

ஷூவைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது. ரியோவில் பதக்க மேடை ஏறிய மூவரும் கார்பன் தகடு பொதித்த, தடித்த நுரை அடிப்பாகம் கொண்ட மாதிரி ஷூக்களை அணிந்திருந்தார்கள். கடைகளில் அப்போது அது இல்லை. அந்த ஷூ ஓடுவதற்கான ஆற்றல் செலவைச் சராசரியாக 4 சதவீதம் குறைப்பதாகக் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. எதிர்ப்பு கிளம்பி, 2020 ஜனவரி கடைசியில் உலகத் தடகள அமைப்பு விதி போட்டது: சாலை ஓட்ட ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஒரு தகடுக்கு மேல் கூடாது. ஆகவே 2016-க்குப் பிந்தைய நேரங்களைப் பழைய வீரர்களின் நேரங்களோடு அப்படியே ஒப்பிடுவது நியாயமில்லை. பெகேலேவுக்கோ ஹைலே கெப்ரசெலாசிக்கோ இருபது வயதில் இந்த ஷூ கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. ஆனால் சில ஆண்டுகளில் எல்லா நிறுவனங்களும் அதே வகை ஷூவைச் செய்துவிட்டன, எல்லோர் காலிலும் அது ஏறிவிட்டது. அதன் பிறகும் அவர்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

ஊக்கமருந்துக் கேள்வியும் கென்ய ஓட்டத்தின்மேல் நிழலாக விழுந்திருக்கிறது. கடந்த பத்தாண்டுகளில் அந்நாட்டு வீரர்கள் பலர் தடைசெய்யப்பட்டார்கள். 2013 பெர்லினில் கிப்சோகேவை வென்ற வில்சன் கிப்சாங், பரிசோதகர்களுக்குத் தான் இருக்கும் இடத்தைச் சரியாகத் தெரிவிக்காததற்காகவும் பொய் ஆதாரம் தந்ததற்காகவும் நான்காண்டுத் தடை பெற்றார். கிப்சோகே எந்தப் பரிசோதனையிலும் சிக்கியதில்லை. நெருங்கிய தோழர்களும் போட்டியாளர்களும் விழும் சூழலில் இருபது ஆண்டு சுத்தமான பெயரோடு நிற்பதன் மதிப்பை, அந்த நாட்டு இளைஞர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

சறுக்கலும் எழுச்சியும்

2020 அக்டோபர். கொரோனாவால் ஒத்திப்போடப்பட்ட லண்டன் மாரத்தான், செயின்ட் ஜேம்ஸ் பூங்காவைச் சுற்றிச் சுற்றி, பார்வையாளர் இல்லாமல், குளிர்மழையில் நடந்தது. ஒரு காது அடைத்துக்கொள்ள, கிப்சோகே எட்டாவதாக வந்தார். முடிந்தது என்று பலர் எழுதினார்கள். அடுத்த ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தான், வெயிலுக்குப் பயந்து வடக்கே சப்போரோவுக்கு மாற்றப்பட்டும் வெக்கை விடவில்லை. 106 பேர் தொடங்கியதில் 76 பேர்தான் முடித்தார்கள். முப்பதாவது கிலோமீட்டர் வாக்கில் கிப்சோகே சிரித்தபடி வேகத்தைக் கூட்டினார். ஒரு நிமிடத்துக்கும் மேல் முன்னிலையில் தங்கம். அபேபே பிகிலாவுக்கும் வால்டெமார் சிர்பின்ஸ்கிக்கும் பிறகு ஒலிம்பிக் மாரத்தானை அடுத்தடுத்து வென்ற மூன்றாவது மனிதர்.

2022 பெர்லினில், 37 வயதில், 2 மணி 1 நிமிடம் 9 விநாடி. தன் சாதனையைத் தானே அரை நிமிடம் குறைத்தார். முதல் பாதியை 59 நிமிடம் 51 விநாடியில் கடந்ததைப் பார்த்தவர்கள், சாதாரணப் போட்டியிலேயே இரண்டு மணி நேரத்தை உடைத்துவிடுவாரோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பாஸ்டன்தான் முதலில் உண்மையைச் சொன்னது. 2023 ஏப்ரலில் அங்கே பேஸர் கிடையாது, பாதை முழுக்க ஏற்ற இறக்கம். முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டிய நியூட்டன் மேடுகளில் பின்தங்கி ஆறாவதாக வந்தார். அந்தச் செப்டம்பரில் ஐந்தாம் முறையாக பெர்லினை வென்றார். அதுவும் இதுவரை யாரும் செய்யாதது. இரண்டே வாரத்தில், சிகாகோவில் 23 வயது கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடியில் ஓடி உலக சாதனையை எடுத்துக்கொண்டார். கிப்டமுக்கு அது மூன்றாவது மாரத்தான்தான்.

2024 பிப்ரவரி 11 இரவு, எல்டோரெட் பகுதியில் நடந்த கார் விபத்தில் கிப்டமும் அவருடைய பயிற்சியாளர் ஜெர்வே ஹகிசிமானாவும் இறந்தார்கள். கென்யா உடைந்துபோனது. அதன் பின் நடந்தது இன்னும் கொடுமை. விபத்துக்குப் பின்னால் கிப்சோகே இருக்கிறார் என்ற அபாண்டம் சமூக ஊடகங்களில் பரவியது. எந்த ஆதாரமும் இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் அதை எழுதினார்கள், மிரட்டல்களும் வந்தன. பிள்ளைகள் சைக்கிளில் வெளியே போவதை நிறுத்தவேண்டியதாயிற்று என்றும், அவர்கள் பள்ளிக்குப் போய்த் திரும்பும்வரை பயந்தே இருந்தார் என்றும் பின்னர் பிபிசியிடம் சொன்னார். பல நண்பர்களை இழந்தார். இருபது ஆண்டு உழைத்துச் சேர்த்த பெயரை முகமில்லாத கூட்டம் சில நாள்களில் சேற்றில் இழுத்தது. அப்படி எழுதியவர்களில் எத்தனை பேர் அதை அழித்து வருத்தம் தெரிவித்தார்கள்? அடுத்த மாதம் டோக்கியோ மாரத்தானில் பத்தாவது இடம். மனச்சுமையோடு ஓடிய ஓட்டம் அது என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது ஒலிம்பிக் மாரத்தான் தங்கம் யாருக்கும் கிடைத்ததில்லை. அதற்காக 2024 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸில் நின்றார், 39 வயதில். 18 வயதில் உலகத்துக்கு அறிமுகமான ஊர். வெர்சாய் வரை போய்த் திரும்பும், மாரத்தானுக்குக் கொஞ்சமும் இரக்கமில்லாத மேட்டுப்பாதை. பாதி தூரத்துக்கு முன்பே முதுகு பிடித்துக்கொண்டது. மெல்ல மெல்லப் பின்னால் போய்விட்டார். முப்பது கிலோமீட்டருக்குப் பிறகு ஓடுவதை நிறுத்தி நடந்தார். ஓரத்தில் நின்றவர்கள் பாதைக்கு வெளியே கூடவே நடந்துவந்தார்கள். ஷூ, சாக்ஸ், எண் பொறித்த சட்டை எல்லாவற்றையும் கழற்றி அவர்களிடமே கொடுத்துவிட்டு வண்டி ஏறினார். மாரத்தான் வாழ்க்கையில் அவர் முடிக்காமல் விட்ட முதல் ஓட்டம் அதுதான். எத்தியோப்பியாவின் தமிரத் தோலா ஒலிம்பிக் சாதனையோடு வென்றார்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. உச்சத்தில் விலகிவிடுவது பார்ப்பவர்களின் ஆசை. அதனால் ஓட்டக்காரருக்கு என்ன கிடைக்கிறது? 2025-ல் அவர் லண்டனில் ஆறாவது, சிட்னியில் ஒன்பதாவது. நவம்பர் 2 அன்று, 41-வது பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு, முதன்முறையாக நியூயார்க் மாரத்தானில் ஓடி 2 மணி 14 நிமிடம் 36 விநாடியில் 17-வதாக வந்தார். அவர் ஓடி முடித்த மாரத்தான்களிலேயே மெதுவானது. அதோடு பெர்லின், லண்டன், சிகாகோ, டோக்கியோ, பாஸ்டன், நியூயார்க் என்று ஆறு பெரிய மாரத்தான்களையும் முடித்தவராகிவிட்டார். பல ஊர்களில் சாதாரண ஓட்டக்காரர்கள் ஆயுள் முழுக்கச் சேமித்து முடிக்கும் பட்டியல் அது.

நியூயார்க் முடிந்த கையோடு அடுத்த திட்டத்தை அறிவித்தார்: ஏழு கண்டங்களிலும் ஒவ்வொரு மாரத்தான். அண்டார்டிகாவும் உண்டு. பதக்கக் கணக்கு இனி இல்லை. கல்விக்கும் காடு வளர்ப்புக்கும் பாடுபடும் தன் அறக்கட்டளைக்கு அதன் மூலம் நிதி திரட்டப் போகிறார். ஏழில் எதிலும் அவர் முதலாவதாக வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த ஓட்டத்துக்கான தயாரிப்பு மட்டும் வழக்கம்போல நோட்டுப்புத்தகத்தில் ஏறும்.